'ஸ்டாண்டர்டைக் குறை' என்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது

2020-ல், கொரோனாவுக்குப் பயந்து உலகமே வீட்டில் அடைந்து கிடந்த நேரத்தில், அட்லாண்டாவைச் சேர்ந்த கெவின் சாமுவேல்ஸ் என்பவர் யூடியூபில் திடீரென்று பெரிய புள்ளியானார். அதுவரை ஆண்களுக்கு எந்த சென்ட் எடுக்கும், கோட் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது அவருடைய நேரலைக்குக் கறுப்பினப் பெண்கள் போன் செய்து, தங்களுக்கு எப்படிப்பட்ட ஆண் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் பதிலுக்கு வயது என்ன, உயரம் என்ன, உடை சைஸ் என்ன, பிள்ளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டு முடித்துத் தீர்ப்புச் சொல்வார். "நீங்கள் அதிகபட்சம் சராசரிதான்" என்று ஒரு பெண்ணிடம் அவர் சொன்ன காணொளிதான் அவரை ஊரறியச் செய்தது. அந்தப் பெண் நன்றாகச் சம்பாதிப்பவர். தனக்கு நிகராகச் சம்பாதிக்கும் துணை வேண்டும் என்றுதான் கேட்டார்.

2022 மே மாதம் சாமுவேல்ஸ் இறந்தபோது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர் போன பிறகும் அவர் கிளப்பிய சண்டை ஓயவில்லை. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்காஸ்டுகளிலும் டிக்டாக்கிலும் வாராவாரம் அதே பஞ்சாயத்துதான்: முதல் சந்திப்புக்கு 200 டாலர் செலவழிக்க வேண்டுமா, வாடகையை ஆளுக்குப் பாதி போட வேண்டுமா, ஆறு இலக்கச் சம்பளம் (வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல்) கேட்பது நியாயமா. எந்தக் கேள்வியில் தொடங்கினாலும் முடிவில் யாராவது ஒருவர் வந்து அந்தப் பெண்களிடம் சொல்வது ஒன்றே: ஸ்டாண்டர்டைக் குறைத்துக்கொள்.

இந்த அறிவுரை சாமுவேல்ஸுக்கு முன்பே பல வடிவங்களில் புழங்கியதுதான். 2009-ல் நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் ஹார்வி பெண்களுக்காக ஒரு காதல் அறிவுரைப் புத்தகம் எழுதினார், அமோகமாக விற்றது. தான் ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்தபோது 90 நாள் கழித்துத்தான் சலுகைகள் கிடைத்தன, நீங்களும் ஆணை 90 நாள் சோதனையில் வையுங்கள் என்பது அதில் பிரபலமான யோசனை. சர்ச்சுகளில் இதே விஷயம் வேறு பாஷையில் வரும். "உன் போவாஸுக்காகக் காத்திரு" என்று மூத்த பெண்கள் இளையவர்களிடம் சொல்வார்கள். பைபிளில் வரும் ரூத்தின் கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வயலில் கதிர் பொறுக்கப் போன விதவைக்கு நிலச்சுவான்தாரே கணவராக வாய்த்தார். காத்திருக்கச் சொல்பவர்கள் சர்ச் பெஞ்சுகளில் எத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கெல்லாம் அரசாங்க முத்திரையோடு ஒரு முன்னோடியும் உண்டு. லிண்டன் ஜான்சன் அரசில் தொழிலாளர் துறை துணைச் செயலராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் 1965-ல் கறுப்பினக் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். வேலையின்மை, அடிமைமுறையின் மிச்சம் என்று பல காரணங்களை அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் படித்தவர்கள் மனதில் நின்றது ஒன்று: இந்தக் குடும்பங்களில் பெண் கை ஓங்கியிருக்கிறது, அதனால்தான் சமூகம் முன்னேறவில்லை. அன்றிலிருந்து கறுப்பினக் குடும்பம் பற்றிய எந்தப் பேச்சிலும் பெண் குற்றவாளிக் கூண்டில் ஒரு காலை வைத்தபடிதான் நிற்கிறாள்.

சரி, குற்றச்சாட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பெண்கள் உண்மையிலேயே எட்டாத இடத்துக்கு ஆசைப்படுகிறார்களா?

ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஓர் அலசல் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. கல்லூரிப் பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களில் 84 சதவீதம் பேருக்குப் பள்ளிக்கு மேல் கொஞ்சமாவது படித்த கணவர் கிடைத்திருக்கிறார். பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களில் அது 49 சதவீதம்தான். அதாவது, படித்த கறுப்பினப் பெண்களில் பாதிப் பேர் ஏற்கெனவே தன்னைவிடக் குறைவாகப் படித்தவரைத்தான் கட்டிக்கொள்கிறார்கள். வருமானக் கணக்கும் இதையே சொல்கிறது. பியூ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட தகவல்படி, கணவரைவிடக் கணிசமாக அதிகம் சம்பாதிக்கும் மனைவிகள் கறுப்பினப் பெண்களிடையே 26 சதவீதம், வெள்ளையினப் பெண்களிடையே 17 சதவீதம். அமெரிக்காவில் ஸ்டாண்டர்டை அதிகமாக விட்டுக்கொடுத்துத் திருமணம் செய்துகொள்ளும் பெண்கள் யார் என்று கேட்டால், பதில் இவர்கள்தான். அவர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் இறங்கி வா என்கிறார்கள்.

பிரச்சினை ஆசையின் உயரத்தில் இல்லை, ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. 2015-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு கணக்குப் போட்டது. சிறைக்கு வெளியே இருக்கும், 25 முதல் 54 வயதுள்ள கறுப்பினப் பெண்கள் 100 பேர் என்றால், அதே வயதுக் கறுப்பின ஆண்கள் 83 பேர்தான். வெள்ளையினத்தவரில் 100 பெண்களுக்கு 99 ஆண்கள். மொத்தத்தில் 15 லட்சம் கறுப்பின ஆண்கள் அன்றாட வாழ்க்கையில் 'காணாமல்' போயிருந்தார்கள். அவர்களில் சுமார் 6 லட்சம் பேர் சிறையில். மற்றவர்களில் பெரும்பாலோர் கொலை, இதய நோய், விபத்து என்று வயதுக்கு முன்பே இறந்தவர்கள். இடைவெளி மிக மோசமாக இருந்த ஊர்களில் முதலிடம் மிசௌரி மாநிலத்தின் பெர்குசனுக்கு: 100 பெண்களுக்கு 60 ஆண்கள். 2014-ல் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்று ஊரே கொதித்ததே, அதே பெர்குசன்.

இந்தப் பற்றாக்குறை தானாக வந்ததல்ல, சட்டம் போட்டு வந்தது. 1986-ல் போதைப்பொருளுக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், 500 கிராம் கொக்கெயின் தூளுக்கு எவ்வளவு தண்டனையோ அதே ஐந்து வருடக் குறைந்தபட்சத் தண்டனை வெறும் 5 கிராம் கிராக்குக்கு, அதாவது புகைக்கும் கட்டிக் கொக்கெயினுக்கு. இரண்டும் ஒரே சரக்கிலிருந்து வருவதுதான். ஒன்று வசதியானவர்கள் பார்ட்டிகளில் புழங்கியது, மற்றது கறுப்பினத்தவர் வாழும் ஏழைப் பகுதிகளில் புழங்கியது. இந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் 2010 வரை நீடித்தது; அப்போதும் ஒழிக்கப்படவில்லை, பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இதற்கு முன்பே தொழிற்சாலைகள் மூட ஆரம்பித்திருந்தன. தெற்கிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ, கிளீவ்லேண்ட் என்று பிழைப்புத் தேடி வந்த லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களுக்கு, பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள ஓர் ஆண் வீடு வாங்கிக் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் கொடுத்தவை எஃகு ஆலைகளும் கார் ஆலைகளும். அவை போனதும் என்ன நடந்தது என்பதை சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987-ல் எண்ணிக் காட்டினார். வேலையில் இருக்கும் ஆண்கள் எத்தனை பேர், அதே வயதுப் பெண்கள் எத்தனை பேர் என்பதுதான் அவருடைய அளவுகோல். கறுப்பின இளைஞர்களிடையே அந்த விகிதம் சரிந்துகொண்டே வந்திருந்தது. கூடவே திருமணமும் சரிந்தது.

இதை வறுமைக் கதை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஹார்வர்ட் பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியும் சகாக்களும் 2018-ல் சுமார் 2 கோடி குழந்தைகளின் வரிக் கணக்குகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வு என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் அடிநாதம். ஒரே அளவு வருமானமுள்ள குடும்பங்களில் பிறந்த கறுப்பினப் பெண்ணும் வெள்ளையினப் பெண்ணும் பெரியவர்களானதும் ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்குகிறார்கள். ஆண்களில் அப்படியில்லை. ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில் வளர்ந்தாலும் கறுப்பினப் பையன் பின்தங்குகிறான். பணக்கார வீட்டில் பிறந்த கறுப்பினப் பையன்கூடப் பணக்காரனாகவே நிலைப்பது அரிது. அக்கா மேலே போகிறாள், தம்பி வழுக்குகிறான். அந்த அக்காவுக்கு வரன் தேடும்போது கிடைப்பது வேறொரு வீட்டின் தம்பி.

கல்லூரியிலேயே இது கண்ணில் பட்டுவிடும். கறுப்பின மாணவர்கள் பெறும் இளங்கலைப் பட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்களுக்குப் போகிறது. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாகப் படிக்கும், வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பத்து மாணவர்களில் ஏழு பேர் பெண்கள். பதினெட்டு வயதில் அங்கே காலடி வைக்கும் பெண்ணுக்கு முதல் செமஸ்டரிலேயே ஒன்று புரிந்துவிடும்: இங்கே எந்தப் பையனும் அவசரப்பட வேண்டியதில்லை.

இந்த 'அவசரமில்லை' மனநிலையை விளக்க 1983-லேயே மார்சியா குட்டென்டாக், பால் செகோர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கோட்பாடு சொன்னார்கள். ஒரு சமூகத்தில் பெண்கள் அதிகமாகி ஆண்கள் குறைந்தால், ஆண்களுக்கு ஓர் உறவில் கட்டுப்பட்டு நிற்க வேண்டிய தேவை குறைகிறது. இது ஆண்கள் கெட்டவர்கள் என்ற வாதமல்ல. வாய்ப்பு அதிகமிருப்பவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார். இன்று 'சிச்சுவேஷன்ஷிப்' என்று ஒரு பேர் வைத்து இளைஞர்கள் புலம்புவது இதைத்தான்: காதலா என்றால் இல்லை, நட்பா என்றால் அதுவும் இல்லை, கேட்டால் "போகட்டும் பார்க்கலாம்" என்ற பதில். எல்லா இனப் பெண்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. ஆனால் அட்லாண்டாவில், வேலையில் இருக்கும் படித்த கறுப்பின ஆணைச் சுற்றியுள்ள கணக்கு வேறு மாதிரி.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் எழும்: அது அவர்கள் கலாச்சாரம், திருமணத்தை அவர்கள் மதிப்பதில்லை. வரலாறு தெரியாமல் சொல்வது இது. அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது. துடைப்பத்தைத் தாண்டிக் குதித்து ஊரறிய இணைந்தார்கள். மறுநாளே முதலாளி ஒருவரை மிசிசிப்பிக்கு விற்றுவிடலாம். 1865-ல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கூட்டம் கூட்டமாகப் போய்த் திருமணத்தைப் பதிவு செய்தது. விற்கப்பட்ட மனைவியையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், பல பத்தாண்டுகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிடச் சிறு வயதிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். பியூ கணக்குப்படி, 1960-ல் 25 வயதைத் தாண்டியும் திருமணமே ஆகாதவர்கள் கறுப்பினத்தவரில் 9 சதவீதம், வெள்ளையினத்தவரில் 8 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. 2012-ல் அது 36-க்கும் 16-க்கும் என்று ஆனது. ஒரு கலாச்சாரம் ஐம்பது வருடத்தில் இப்படித் தலைகீழாக மாறியது என்றால், அந்த ஐம்பது வருடத்தில் வேலைக்கும் சிறைக்கும் என்ன ஆனது என்று பார்ப்பதுதான் முறை.

இதே வேகத்தில் எதிர்ப்பக்க மிகையையும் சொல்லிவிட வேண்டும். 2009, 2010 வாக்கில் அமெரிக்க டிவி சேனல்கள் "வெற்றிபெற்ற கறுப்பினப் பெண்ணுக்கு ஏன் மாப்பிள்ளை கிடைப்பதில்லை" என்று பெரிய பெரிய நிகழ்ச்சிகள் நடத்தின. பாதிப் பேர் திருமணமாகாதவர்கள் என்பது போன்ற எண்கள் திரையில் ஓடின. மக்கள்தொகைத் துறையின் அந்த அட்டவணைகள் 15 வயதிலிருந்து எல்லோரையும் எண்ணுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்தப் பாதியில் அடக்கம். வயது ஏற ஏற அந்த விகிதம் வேகமாகக் குறைகிறது. ஹோவர்டில் பணியாற்றிய ஐவரி டோல்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். திருமணமான கறுப்பின ஆண்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்களைத்தான் மணந்திருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நம்மாட்கள் எல்லாம் வெள்ளைக்காரிகளிடம் போய்விட்டார்கள் என்ற புலம்பலுக்கு அது நல்ல பதில். இருந்தும் பயமுறுத்தும் எண்ணுக்குக் கிடைக்கும் கவனம் திருத்தத்துக்குக் கிடைப்பதில்லை. பற்றாக்குறை உண்மை. சாபக்கேடு என்று சித்தரிப்பது வியாபாரம். அந்தப் பயத்தை நம்பித்தான் அறிவுரைப் புத்தகங்களும், டேட்டிங் பயிற்சியாளர்களும், சாமுவேல்ஸ்களும் பிழைக்கிறார்கள்.

அப்படியானால் வெளியே பார்க்கலாமே என்று தோன்றும். ஸ்டான்ஃபோர்ட் சட்டப் பேராசிரியர் ரால்ஃப் ரிச்சர்ட் பேங்க்ஸ் 2011-ல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். கறுப்பினப் பெண்கள் பிற இன ஆண்களையும் மணக்கத் தயாரானால் அவர்களுடைய பேரம் பேசும் பலம் கூடும், அதனால் கறுப்பின ஆண்களும் கட்டுப்பாட்டுக்கு வருவார்கள் என்பது அவர் வாதம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. இனக்கலப்புத் திருமணத் தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் ரத்து செய்த வழக்கில் நின்ற மில்ட்ரெட் லவிங்கே வெள்ளையினக் கணவரைக் கொண்ட கறுப்பினப் பெண்தான். அப்புறம் ஐம்பது வருடம் ஓடிவிட்டது. 2015-ல் புதிதாகத் திருமணமான கறுப்பின ஆண்களில் 24 சதவீதம் பேர் வேறு இனத்தில் மணந்திருந்தார்கள்; பெண்களில் 12 சதவீதம்தான்.

தயங்குவது பெண்கள் மட்டும் என்று பேங்க்ஸைப் படித்தால் தோன்றும். டேட்டிங் செயலிகள் வேறு கதை சொல்கின்றன. ஓகேகியூபிட் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர் 2009-ல் தன் தளத்தில் யார் யாருக்குப் பதில் போடுகிறார்கள் என்ற கணக்கை வெளியே விட்டார். தனக்கு வரும் செய்திகளுக்கு அதிகமாகப் பதில் போட்டவர்கள் கறுப்பினப் பெண்கள். தாங்கள் அனுப்பிய செய்திக்கு மிகக் குறைவாகப் பதில் பெற்றவர்களும் அவர்களே. ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தார். தளத்தின் கேள்வித்தாளில் "இனம் எனக்கு முக்கியமில்லை" என்று சொல்பவர்கள் கூடியிருந்தார்கள். யாருக்குப் பதில் போடுகிறார்கள் என்பதில் மாற்றமில்லை. வாயில் சமத்துவம், விரலில் பழைய வழக்கம்.

பதில் போடும் சிலருடைய பதிலோ இன்னொரு தலைவலி. கறுப்பினப் பெண் என்றால் படுக்கையில் அடங்காதவள் என்ற அடிமைக் காலக் கற்பனையை இன்னும் சுமந்துகொண்டு வருபவர்கள் அவர்கள். முதல் செய்தியிலேயே உடம்பைப் பற்றிப் பேசுவார்கள். சமூகத்துக்குள்ளேயே நிறப் பாகுபாடும் இருக்கிறது. கறுப்பினப் பெண்களிலேயே வெளிர் நிறத்தவருக்குத் திருமண வாய்ப்பு அதிகம் என்று டாரிக் ஹாமில்டன், ஆர்தர் கோல்ட்ஸ்மித், வில்லியம் டாரிட்டி ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2009-ல் காட்டினார்கள். ஆண்கள் எண்ணிக்கை குறையும்போது தேர்ந்தெடுப்பவருக்கு இப்படியெல்லாம் பொறுக்க இடம் கிடைக்கிறது என்பதும் அவர்கள் சொன்ன விளக்கத்தில் உண்டு. தமிழ் மேட்ரிமோனி விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' கேட்டுப் பழகிய நமக்கு இது அதிர்ச்சி தராது.

செயலிகளில் இன்ன இனத்தவரை மட்டும் காட்டு என்று சொல்லும் இன வடிகட்டி இருக்கலாமா என்பது இதிலிருந்து கிளைத்த விவாதம். 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு தன்பாலீர்ப்பு ஆண்கள் புழங்கும் கிரைண்டர் செயலி தன் வடிகட்டியை எடுத்தது. வேறு சில செயலிகள் எடுக்கவில்லை. சிறுபான்மையினர் தங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது என்றார்கள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நூறு முகத்தில் தன் இனத்தவர் நான்கு பேர் மட்டுமே தெரியும் ஊரில் வாழும் பெண்ணுக்கு அந்த வடிகட்டி உதவிதான். அதே பொத்தானை வைத்து அவளைத் திரையிலேயே வராமல் செய்பவர்களும் உண்டு. 2017-ல் மேட்ச் குழுமம் கறுப்பினத்தவருக்கென்றே பிஎல்கே என்ற செயலியைக் கொண்டுவந்தது. இடம் தனியாகக் கிடைத்தது, 83-க்கு 100 என்ற கணக்கும் கூடவே வந்துவிட்டது.

இப்போது இந்தப் பெண்கள் துணையிடம் எதிர்பார்க்கும் அந்தப் பிரபலமான பட்டியலுக்கு வருவோம். உயரம், சம்பளம், கார், வீடு, பில்லைப் பார்க்காமல் கொடுக்கும் கை. 'ப்ரொவைடர்' (செலவைத் தாங்கும் ஆண்) வேண்டும், 'சாஃப்ட் லைஃப்' (அலுப்பில்லாத சுகவாழ்வு) வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது சொல் நைஜீரியர்களின் இணையப் பேச்சிலிருந்து வந்து அமெரிக்கப் பெண்களிடம் ஒட்டிக்கொண்டது. தானே நன்றாகச் சம்பாதிக்கும் பெண் ஏன் இன்னொருவர் தன்னைத் தாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்பது பலருக்குப் புதிராக இருக்கிறது. எனக்கு அதில் புதிர் தெரியவில்லை. வெள்ளையின இல்லத்தரசி வீட்டில் இருந்த காலத்திலும் கறுப்பினப் பெண் அவள் வீட்டில் சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்தாள். பாட்டி உழைத்தாள், அம்மா இரண்டு வேலை பார்த்தாள், 'வலிமையான கறுப்பினப் பெண்' என்ற பட்டத்தைக் கொடுத்து மூன்று தலைமுறையை முதுகொடிய வைத்தார்கள். பேத்தி உட்கார வேண்டும் என்கிறாள்.

பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2003 முதல் 2014 வரை கொலையான பெண்களின் விகிதம் கறுப்பினத்தவரில் மற்ற எல்லா இனத்தவரையும்விட அதிகம்: லட்சத்துக்கு 4.4. எல்லா இனங்களையும் சேர்த்துப் பார்த்தால் கொலையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சாவில் கணவனோ காதலனோ முன்னாள் துணையோ சம்பந்தப்பட்டிருந்தான். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள நல்ல உணவகத்தில்தான், வீட்டுக்கு வரச் சொன்னால் முடியாது என்று ஒரு பெண் சொல்வதைப் பேராசை என்று வீடியோ போடுபவர்கள் இந்த அறிக்கையையும் ஒருமுறை புரட்டலாம்.

அதற்காகப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. ஆறு இலக்கச் சம்பளம் வாங்கும் ஆண்கள் அமெரிக்காவில் எந்த இனத்திலும் சிறுபான்மைதான். கறுப்பின ஆண்களில் இன்னும் குறைவு. அதையே முதல் தகுதியாக வைத்தால், எதிரில் உட்கார்ந்திருக்கும் பஸ் டிரைவரும் பள்ளி ஆசிரியரும் ஆரம்பத்திலேயே கழிந்துபோவார்கள். ஆண்கள் தரப்பில் கேட்கும் குறை இதுதான்: எங்களைப் பர்ஸாக மட்டும் பார்க்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் குறையோடு 'பாஸ்போர்ட் ப்ரோ' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு கொலம்பியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அடக்கமான பெண் தேடி விமானம் ஏறுபவர்களிடம் எனக்கு அவ்வளவு பரிவு இல்லை. டாலரின் பலத்தில் பெண் பார்க்கப் போகும் ஆள் இன்னொருத்தியைப் பணத்தாசை பிடித்தவள் என்பதைக் கேட்கச் சிரிப்புத்தான் வருகிறது.

யார் பட்டியல் போடுகிறார் என்பதைப் பொறுத்து உலகம் எப்படிச் சிரிக்கிறது என்பதையும் கவனிக்கலாம். 2024-ல் ஒரு வெள்ளையினப் பெண் நிதித்துறை வேலை, பரம்பரைச் சொத்து, ஆறடி ஐந்து அங்குல உயரம், நீலக் கண் என்று நான்கு தகுதிகளை ராகம் போட்டு டிக்டாக்கில் பாடினார். கேலியாகச் செய்ததுதான். உலகப் புகழ்பெற்ற டிஜேக்கள் அதற்கு ரீமிக்ஸ் போட்டார்கள், கிளப்புகளில் ஆடினார்கள். அதில் பாதி நீளப் பட்டியலைக் கறுப்பினப் பெண் சொல்லும்போது யாரும் ரீமிக்ஸ் போடுவதில்லை. அவளுடைய வயதையும் எடையையும் கேட்கிறார்கள்.

இதற்கு நடுவில் பெண்கள் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டும் இருக்கிறார்கள். சிலர் தாமதமாக மணக்கிறார்கள். துளசேந்திரபுரத்து வம்சத்தில் வந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், தோழி ஏற்பாடு செய்த சந்திப்பில் டக் எம்ஹாஃபைப் பார்த்து, 2014-ல் முதல் திருமணம் செய்துகொண்டபோது வயது 49. துணை அதிபர் ஆன பிறகும் அந்தத் தாமதத்தையும் கணவரின் நிறத்தையும் நோண்டியவர்களுக்குக் குறைவில்லை. சிலர் தேடலை ஒத்திவைத்துவிட்டு, கல்லூரி நாள் தோழிகள், அக்கா தங்கைகள், சர்ச், பயணம் என்று வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள். இவர்களைத் தோற்றுப்போனவர்களாகச் சித்தரிப்பதும், எல்லோரும் விரும்பித்தான் தனியாக இருக்கிறார்கள் என்று கொண்டாடுவதும் ஒரே அளவுக்குச் சோம்பேறித்தனம். துணை வேண்டும் என்று நினைப்பவள் தோழியோடு சுற்றுலா போவதால் அந்த ஆசை தீர்ந்துவிடாது.

அடுத்த தலைமுறைக்கு நிலைமை மாறுமா? சிறைக் கணக்கு ஓரளவு மாறியிருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் சிறையில் அடைக்கப்படும் கறுப்பின ஆண்களின் விகிதம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. படிப்பில் அப்படிச் சொல்ல முடியவில்லை. பள்ளிகளில் சஸ்பெண்ட் ஆகும் மாணவர்களில் கறுப்பினப் பையன்களின் பங்கு அவர்கள் எண்ணிக்கைக்குச் சம்பந்தமில்லாமல் இன்றும் அதிகம். கல்லூரியில் ஏழுக்கு மூன்று என்று தெரியும் இடைவெளி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ராஜ் செட்டியின் ஆய்வில் இதற்கும் ஒரு துப்பு இருக்கிறது. கறுப்பினப் பையன்கள் பின்தங்காமல் வளரும் பகுதிகளும் அமெரிக்காவில் உண்டு. வறுமை குறைவாக இருக்கும் இடங்கள் அவை. அங்குள்ள வெள்ளையினத்தவரிடம் இனத் துவேஷம் குறைவு. கறுப்பினத் தந்தைகள் வீட்டோடு இருப்பதும் அங்கே அதிகம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரு பையனின் சொந்த அப்பா வீட்டில் இருக்கிறாரா என்பதைவிட, அந்தத் தெருவில் அப்பாக்கள் இருக்கிறார்களா என்பதே அவன் எதிர்காலத்தோடு கூடுதலாகப் பொருந்துகிறது. வாஷிங்டனை ஒட்டிய சில்வர் ஸ்பிரிங் அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று. இத்தகைய பகுதிகளில் வளரும் கறுப்பினக் குழந்தைகள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு.